ஆனைமலையில் கிடைக்காத பேஸ்

“இது விக்கறதுக்கில்லைங்க, அம்மிணி.”

அந்த அம்மா இதைச் சொன்னபோது, வாத்தியத்தின் மேல் போர்த்தியிருந்த பழைய பருத்திச் சேலையை நான் பாதி விலக்கியிருந்தேன். கறுப்புக் கழுத்தும் அதன் உச்சியில் முறுக்காணிகளும் மட்டும் வெளியே தெரிந்தன. சேலையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஆனைமலையைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள் ஓர் ஓட்டு வீடு. தண்ணீரில் ஊறும் தேங்காய் மட்டையின் வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. என் கணவர் சார்லஸ் அப்போதுதான் காரை நிழலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அன்றைக்கு அமாவாசை. மாசாணியம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து வந்ததில் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“என்ன சொல்றாங்க?” என்று என்னைக் கேட்டார்.

“விக்கறதுக்கில்லையாமா.”

“பொறவு எதுக்குங்க விளம்பரம்?” என்று அந்த அம்மாவிடமே கேட்டார். கோபம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் கோபப்பட்டாலும் ‘ங்க’ விடுவதில்லை.

அந்த அம்மாவின் பெயர் சிவகாமி. அறுபதை ஒட்டிய வயது. தோப்பையும் அதை ஒட்டிய கயிற்றுக் களத்தையும் கணவர் போன பிறகு தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். “விளம்பரத்த என்ற புள்ள போட்டுட்டாளுங்க. நான் போடலீங்க,” என்றார். பிறகு, “மொதல்ல உக்காருங்க, மோர் கொண்டாரேன்,” என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

நான் சேலையை இழுத்து மூடினேன். என் கழுத்து வலித்தது.

கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது

போன வாரம் இந்தப் பத்தியில் ரத்தம் எடுக்கும் என் வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஈரோட்டு வாசகி ஒருவர், “ஊசி பிடிக்கும் கைக்கு அந்த நெட்டை வாத்தியம் எப்படி வந்தது?” என்று கேட்டிருந்தார். அதைச் சொல்ல, ஆனைமலைக்குக் கொஞ்ச காலம் முன்னால் போக வேண்டும்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். சனி, ஞாயிறு, முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்பு மேடைகளில் பேஸ் கிட்டார் வாசிப்பேன். எங்கள் குழுவை நடத்துகிறவர் மணி அண்ணன். கீபோர்டு அவருடையது. பாடுகிறவர்கள் மாறுவார்கள், டிரம்ஸ்காரர் மாறுவார். நானும் மணி அண்ணனும் மட்டும் மாறாமல் பல வருஷம் ஓட்டிவிட்டோம்.

ஒருநாள் காலை, வயசான ஒருவரின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். என் இடது கை விரல்களுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அவருக்கு நரம்பு மெலிந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, மரத்துப்போயிருந்தது என் விரல். உடன் வேலை செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு ஊசியைக் கொடுத்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய்க் கையை உதறி உதறிப் பார்த்தேன்.

படம் எடுத்துப் பார்த்ததில் கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது என்று தெரிந்தது. எங்கள் கிளினிக்கின் எலும்பு டாக்டரம்மாவே பார்த்தார். “வாரக் கடைசியில என்ன வேலை பண்றீங்க?” என்று கேட்டார். சொன்னேன். மணிக்கணக்கில் ஒரு தோளில் அந்த எடை தொங்குவதை அவர் மனசுக்குள் நிறுத்துப் பார்த்ததை முகத்திலேயே பார்த்தேன்.

“கழுத்துல இனி எதையும் தொங்க விடாதீங்க.”

“செயின் கூடவா டாக்டர்?”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

மணி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நல்ல மனுஷர், அதனால்தான் அவர் சொன்னது இன்னும் வலித்தது. “கண்ணு, நீ உடம்பப் பாரு. பேஸ் நானே எடது கையில வாசிச்சுக்கறேன். கீபோர்டுல அந்தச் சத்தம் இருக்குதல்ல.”

இருக்கிறதுதான். இப்போதைய கீபோர்டில் எல்லாச் சத்தமும் இருக்கிறது. அடுத்து வந்த கல்யாணத்தில் நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நான் இல்லாததை ஒருவரும் கவனிக்கவில்லை. ஐஸ்கிரீம் வரிசையில் நின்றவர்கள் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

கிரைண்டர் ஓடுகிற மாதிரி

பேஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. வீட்டில் கிரைண்டர் ஓடும்போது யாரும் அதைக் கேட்பதில்லை. அது நின்றதும் உள்ளறையிலிருந்து குரல் வரும்: “கரண்டு போச்சா?”

எங்கள் சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனபோது, போதகரின் மனைவி பாடகர் குழுவில் எல்லோருடைய கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். என் விரல்தான் நீளம். “ரோஸ்லின், இனிமே நீ,” என்று கிட்டாரை என் மேல் மாட்டிவிட்டார். அதற்கு முன் கடைசி வரிசையில் நின்று, வாயசைத்து, பாடாமல் தப்பித்துக்கொண்டிருந்தவள் நான். எனக்குக் குரல் கிடையாது. அந்தத் தடித்த கம்பியை முதல் முறை இழுத்துவிட்டபோது, சர்ச்சின் பெஞ்சு அதிர்ந்தது என் காலில் தெரிந்தது. என்னால் இவ்வளவு பெரிய சத்தம் போட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதை விட்டுவிட்டு உட்காருவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

சார்லஸ் அதைப் புரிந்துகொண்டது எனக்கு ஆச்சரியம். அவர் போர்வெல் மோட்டார் மாட்டுகிறவர். பாட்டில் அவருக்கு ஈடுபாடு கிடையாது. நான் வாசிக்கும் கல்யாணங்களில் அவர் பந்தியில் முதல் ஆள். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைகளில், “ரோசு, நீ இப்படி உக்காந்திருக்கறதப் பாத்தா என்னமோ மாதிரி இருக்குது,” என்றார் ஒருநாள். பிறகு, “தொங்கத்தானே கூடாது? நிக்க வெச்சு வாசிக்கற மாதிரி ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டார்.

இருந்தது. முன்பு ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில், சென்னையிலிருந்து வந்த குழுவில் ஒருவர் வைத்திருந்தார். வயலினுக்கு அண்ணன் மாதிரி, ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ் தெரியுமல்லவா? அதிலிருந்து வயிற்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இது. ஒரு நீண்ட கட்டை, நான்கு கம்பி, கீழே தாங்க ஒரு ஸ்டாண்டு. பெட்டி இல்லாததால் அதற்கென்று பெரிய சத்தம் இல்லை. ஒயரைச் சொருகினால் ஸ்பீக்கரில் கேட்கும், இயர்போன் மாட்டினால் நமக்கு மட்டும் கேட்கும். எலக்ட்ரிக் அப்ரைட் பேஸ் என்று பெயர். அது தரையில் நிற்கும். நாம் பக்கத்தில் நின்றால் போதும்.

ஓட்டிப் பார்க்காத மோட்டார்

ஆசை சுலபம். எங்களிடம் இருந்தது ஒரு சீட்டு எடுத்த பணம். அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

ஆன்லைனில் ஒன்று மினுமினுத்தது. விலை கட்டுப்படியாகும். ஆனால் கிட்டார் மாதிரி இதில் விரல் வைக்க மேடுகள் கிடையாது. கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, கழுத்து வளைந்திருக்கிறதா என்பதெல்லாம் தொட்டால்தான் தெரியும். சார்லஸ் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். “ஓட்டிப் பாக்காம மோட்டார் வாங்குனவன் எவனும் நல்லா இருந்ததில்ல.”

கிராஸ்கட் ரோட்டுப் பக்கம் ஒரு வாத்தியக் கடையில், யாரோ மாற்றிக்கொண்டு போன பழையது ஒன்று மூலையில் நின்றது. கடைக்காரர் அதன் மேலிருந்த தூசியைத் துண்டால் தட்டினார். நின்று வாசித்துப் பார்த்தேன். ஸ்டாண்டு ஆடியது. கம்பிகள் கட்டையிலிருந்து எட்டாத உயரத்தில் இருந்தன. அழுத்தி அழுத்தி விரல் சிவந்தது. வந்த சத்தமோ தகரத்தைத் தட்டுகிற மாதிரி. ஒரு பாட்டின் பாதிகூட ஒழுங்காக வரவில்லை. தப்பு அதனிடமா என்னிடமா என்று எனக்குத் தெரியவில்லை. புதிதாகக் கார் ஓட்டுகிறவருக்கு கிளட்ச் கெட்டிருந்தால் எப்படித் தெரியும்? “வேண்டாமுங்க,” என்று வெளியே வந்துவிட்டேன். இந்த வயதில் இது எனக்கு வராது என்றே முடிவு கட்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதுதான் ஆனைமலை விளம்பரம். நல்ல தயாரிப்பு, அதிகம் புழங்காதது, விலையும் எங்கள் கைக்குள். போனில் பேசியது ஒரு பெண், வெளிநாட்டிலிருந்து. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கினாராம். “அம்மா இருப்பாங்க, போய்ப் பாருங்க. புடிச்சா எடுத்துக்குங்க,” என்றார்.

அம்மாவிடம் அதை அவர் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. அல்லது அம்மா அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஒரே ஒரு கம்பி

சிவகாமியம்மா மோர் கொண்டுவந்தார். கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டது. நாங்கள் குடித்து முடிக்கும் வரை எதிரில் நின்றார். அப்புறம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

“நான் வாசிக்கிறனுங்க.”

சார்லஸ் டம்ளரைக் கீழே வைத்தார்.

“பொழுது சாஞ்சு ஆளுக எல்லாம் போன பொறவு, அவ விட்டுட்டுப் போன இயர்போன மாட்டிக்கிட்டு உக்காந்துக்குவனுங்க. வாசிக்கிறதுன்னா, தெரியாதுங்க. சும்மா. அவகிட்டச் சொன்னாச் சிரிப்பா.”

“வாசிங்க, கேக்கறோம்,” என்றேன்.

ரொம்ப வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இயர்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, மகளின் சின்ன ஸ்பீக்கரில் மாட்டினார். ஒரே ஒரு கம்பி. அதில் மூன்று இடத்தில் மட்டும் விரல் வைத்தார். வள்ளி கும்மியின் அடி. ஊரில் பெண்கள் சேர்ந்து ஆடுகிற கும்மிக் குழுவில் அவரும் ஒருவராம். கைதட்டலுக்கும் காலடிக்கும் இடையில் விழுகிற அந்த அழுத்தத்தை அவர் கம்பியில் பிடித்திருந்தார். சுருதி எங்கேயோ இருந்தது. ஆனால் தாளம் பாறை மாதிரி நின்றது. வாசிக்கும்போது அவருடைய கால் தரையில் பாதி அடி எடுத்து வைத்து, திரும்பி வந்தது.

சார்லஸ் கைதட்ட ஆரம்பித்துவிட்டார். நானும்.

முடித்ததும் முகம் சிவந்து, “போதுமுங்க,” என்று எழுந்துகொண்டார். இந்த வாத்தியம் இந்த வீட்டை விட்டு வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்க மனசு வரவில்லை.

“வந்தது வந்தீங்க. நீங்களும் வாசிச்சுப்போட்டுப் போங்க,” என்றார் அவர்.

நின்றேன். வாசிப்பவர் உடம்பில் சாய்த்துக்கொள்ளக் கட்டையின் முதுகில் வைத்திருக்கும் வளைகம்பி என் வயிற்றில் லேசாகப் பட்டது. தோளில் எதுவும் இல்லை. கழுத்து நிமிர்ந்திருந்தது. முதலில் சுருதி கூட்டினேன். பிறகு மெதுவாக, சர்ச்சில் முதன்முதலாகக் கற்ற நடையை எடுத்தேன். விரல் தடுமாறியது, தேடியது, ஓர் இடத்தில் போய் உட்கார்ந்தது. கம்பி தாழ்வாக இருந்ததால் அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. குரல் தரை வழியாக வந்தது. கடையில் வராத பாட்டு இங்கே வந்தது. முழுசாக இல்லை, ஆனால் வந்தது.

எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது சார்லஸ் காலி மோர் டம்ளரைத் திரும்பக் கையில் எடுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணங்களில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை, பந்தி அந்தப் பக்கம் இருக்கும்.

“விரல் மரத்துச்சா?” என்று கேட்டார்.

“இல்லீங்க.”

சிவகாமியம்மா திரும்ப உட்கார்ந்து தன் கம்பியைத் தட்டினார். உடனே முகம் மாறிவிட்டது. “ஐயோ, என்ற பாட்டு எங்கீங்க போச்சு?”

நான் சுருதி கூட்டியதில் அவருடைய கும்மி இடம் மாறிப்போயிருந்தது. அது எங்கே இருந்தது என்று தேடித் தேடி, அவர் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அக்கட்டால போயிருச்சு” என்று சொல்லச் சொல்ல, அந்த ஒரு கம்பியைப் பழைய தப்பான இடத்துக்கே இறக்கிக் கொடுத்தேன். சுருதியைக் கலைப்பதற்கு இவ்வளவு கவனம் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

உள்ளேயா?

கிளம்பும்போது அவர் கேட்டார், எல்லோரும் கேட்பதுதான்: “உங்களுக்கு எந்தூருங்க, அம்மிணி?”

பக்கத்து ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னேன்.

“அட, இங்கதானுங்களா? யாரு ஊட்டுப் புள்ளைங்க?”

சார்லஸ் கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இந்தக் கேள்விக்கு நான் பலவிதமாகப் பதில் சொல்லிப் பழகியவள். அன்றைக்கு ஏனோ நேராகவே சொன்னேன். “அங்க காலனிங்க. எங்கம்மா இந்தப் பக்கத் தோப்புகள்லதான் காய் பொறுக்குனாங்க.”

அந்த அம்மாவின் முகத்தில் என்னென்னமோ வந்து போனது. அதை நான் நல்லதாகவும் எழுத மாட்டேன், கெட்டதாகவும் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. பிறகு அவர் சொன்னது: “அரிசிம்பருப்பு ஆக்கியிருக்கறனுங்க. சாப்பிடாமப் போகக் கூடாது.”

மேஜையில் மூன்று தட்டு வைத்தார். அவரும் எங்களோடு உட்கார்ந்தார். சூடான சோற்றில் நெய் உருகி ஓடியது. சார்லஸ் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

கை கழுவிவிட்டு வந்தபோது ஒரு நீளமான காகித உறையை என்னிடம் நீட்டினார். உள்ளே பிரிக்காத ஒரு செட் கம்பி. “அவ வாங்கி வெச்சதுங்க. எனக்கு மாட்டத் தெரியாது. ஒரு கம்பியே எனக்குப் போதும். நீங்க வேற எங்கியாச்சும் ஒண்ணு வாங்குவீங்கல்ல, அதுக்குப் போடுங்க.” நான் வேண்டாம் என்று கையைப் பின்னால் கொண்டுபோனேன். இந்தக் கம்பி என்ன விலை என்று எனக்குத் தெரியும். அவர் விடவில்லை. “ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. என்ற புள்ளகிட்ட, புடிக்கலைன்னு சொல்லிப்போடுங்க.”

பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. “எங்க கார்ல ஏறலீங்க,” என்று மகளிடம் போனில் சொல்லிவைத்தேன். (இப்போது மகளுக்கு எல்லாம் தெரியும். அம்மாவே வீடியோ காலில் வாசித்துக் காட்டிவிட்டார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.)

காரில் வரும்போது என் அம்மாவுக்குப் போன் போட்டேன். பேஸ் கிடைக்கவில்லை என்றேன், அங்கே சாப்பிட்டோம் என்றேன். அம்மா பேஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“உள்ளயா உக்காந்தீங்க?”

“ஆமாம்மா. மேஜைல.”

மறுபடியும், “உள்ளயா?” என்றார்.

மூலையில் நின்றது

பொள்ளாச்சி தாண்டியதும் சார்லஸ், “இப்ப என்ன பண்ணலாம்?” என்று கேட்டார்.

“அந்தக் கடைக்கே மறுபடி போலாமுங்க.”

“வேண்டாம்னுட்டு வந்தியே!”

அன்று எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. இன்று கைக்கு ஒரு நல்ல வாத்தியம் எப்படி இருக்கும் என்று தெரியும். மறுநாள் மாலை கிளினிக் முடிந்து போனபோது, அது அதே மூலையில், அதே தூசியோடு நின்றது. இம்முறை வாசிக்க அவசரப்படவில்லை. கழுத்தை உச்சியிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நேராக இருந்தது. ஒவ்வொரு கம்பியிலும் கீழிருந்து மேல் வரை விரலைக் கொண்டுபோனேன். எந்த இடத்திலும் குரல் சாகவில்லை. ஒயரை அசைத்துப் பார்த்தேன், கரகரப்பு இல்லை. கம்பிகளைத் தாங்கும் குதிரையின் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் இருந்தது. திருகினால் கம்பி இறங்கும். யாரும் அதைத் திருகவே இல்லை. தகரச் சத்தம் பழைய கம்பியின் சத்தம். ஆடுவது ஸ்டாண்டு மட்டும்.

சார்லஸ் முட்டி போட்டு ஸ்டாண்டுக்கு அடியில் டார்ச் அடித்தார். “குழாய்க்குள்ள இருக்கற புஷ் வளையம் தேஞ்சு போச்சு. அவ்வளவுதான். இதுக்குப் போயி பயந்தியா?”

கடைக்காரருக்கு மூலை காலியானால் போதும் என்றிருந்தது. சொன்ன விலையிலிருந்து அவரே இறங்கினார். மிச்சம் பிடித்ததில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வந்தது.

அந்த வாரம் கணபதிப் பக்கம் தனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறையில் சார்லஸ் நைலான் புஷ் கடைந்து வந்து மாட்டினார். மாட்டிவிட்டு, போர்வெல் குழாயை அசைத்துப் பார்ப்பது போல இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். “யானை சாஞ்சாலும் அசையாது,” என்றார். நான் சக்கரத்தைத் திருகிக் குதிரையை இறக்கினேன். சிவகாமியம்மாவின் கம்பிகளை மாட்டினேன். முதல் கம்பியைத் தட்டினதும் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வேலை. மேடு இல்லாத கட்டையில், கண்ணால் பார்க்காமல் காதால் இடம் பிடிப்பது. சமையல் முடிந்ததும் இயர்போனை மாட்டிக்கொண்டு நிற்பேன். வலது கை விரலில் கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்த்துப் போனது. ரத்தம் எடுக்க வருகிறவர்கள் கையுறைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வெள்ளகோவில்

மணி அண்ணன் வீட்டுக்கு வந்து கேட்டார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். “நல்லா இருக்குது கண்ணு,” என்றார். ஆனால் கல்யாணம் அவருடைய பெயரில் ஒப்புக்கொண்டது. தப்பு வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். “வெள்ளகோவில்ல ஒரு ரிசப்ஷன் இருக்குது. வா. ஆனா மொதல்ல நானும் எடது கையில கூடவே வாசிக்கிறேன். ஒரு தைரியத்துக்கு.”

எங்கள் சின்னக் காரில் அது படுத்துக்கொண்டு வந்தது. கால் பின்கண்ணாடியில், தலை முன் சீட்டுகளுக்கு நடுவில். சார்லஸ் கியர் மாற்றும்போதெல்லாம் முழங்கை முறுக்காணியில் இடிக்கும். காங்கேயம் தாண்டும் வரை அதற்குத் திட்டு விழுந்துகொண்டே இருந்தது.

மண்டபம் பெரிது. மேடைக்குப் பின்னால் சமையல்கட்டிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசம். முதல் பாட்டு தொடங்கியது. நான் வாசிக்கிறேன், அதே சுரங்களை மணி அண்ணனின் இடது கையும் வாசிக்கிறது. அவருடையது மெஷின், துல்லியமாக அங்கேயே நிற்கும். என்னுடையது விரல், ஒரு மயிரிழை முன்னும் பின்னும் போய்த்தான் இடத்தைப் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தபோது சத்தம் கலங்கிய தண்ணீர் மாதிரி ஆனது. பாடிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். மணி அண்ணன் எனக்குக் கேட்கட்டும் என்று தன் சத்தத்தைக் கூட்டினார். நான் இன்னும் தடுமாறினேன். வியர்வையில் கை வழுக்கியது.

பாட்டு எப்படியோ முடிந்தது. கைதட்டல் எப்போதும்போல இருந்தது. கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

இத்தனை வருஷத்தில் மணி அண்ணனிடம் நான் எதையும் மறுத்துப் பேசியதில்லை. மைக்கில் படாமல் அவர் பக்கம் சாய்ந்து சொன்னேன்:

“அண்ணா, அந்தக் கையை எடுத்துருங்க.”

“என்ன கண்ணு?”

“எடது கையை எடுத்துருங்கண்ணா. தப்பு வந்தா என்ற தப்பாவே தெரியட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். அடுத்த பாட்டுக்கு டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்ட ஆரம்பித்திருந்தார். மணி அண்ணன் இடது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து, வைக்க இடம் தெரியாமல், தொடை மேல் வைத்துக்கொண்டார்.

முதல் சுரம் என்னுடையது மட்டுமாக இறங்கியது. மேடைப் பலகை அதிர்ந்தது. அந்த அதிர்வு செருப்பில்லாத என் பாதத்தில் ஏறியது. இரண்டாவது சுரம் கொஞ்சம் மேலே போய் விழுந்தது, இழுத்துச் சரிசெய்தேன். மூன்றாவது வரியில் பாடகியின் இறுகியிருந்த தோள் தளர்ந்தது. டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, உதைக்கும் காலை என்னோடு சேர்த்துப் போட ஆரம்பித்தார். மணி அண்ணனின் வலது கை சுதந்திரமாக எங்கெங்கோ போனது. அவர் அப்படி வாசித்து நான் கேட்டு நாளாகிவிட்டது. பாட்டின் கடைசியில் தொடை மேல் இருந்த கையால் அவர் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி முடிந்து இறங்கும்போது, “அடுத்த முகூர்த்தம் ஈரோடு. வந்துரு,” என்றார்.

நானும் சார்லஸும் வாத்தியத்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுபோய்க் காரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், வாடகைக்கு வந்த சாமான்களை எண்ணிச் சரிபார்த்து லாரியில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்து நின்றார். நாற்காலி, விளக்கு, பந்தல், ஸ்பீக்கர் எல்லாம் அந்த லாரியில் போய்க்கொண்டிருந்தது.

“ஏனுங்க, அதென்னுங்க அவ்வளவு நெட்டையா?”

“பேஸுங்க. வாசிக்கறதுங்க.”

“அப்படிங்களா! வாடகைக்கு எடுத்ததுங்களா? எங்க திருப்பித் தரோணும்?”

நான் முதலில் வாசித்தது சர்ச்சின் கிட்டார். அதற்குப் பிறகு, இத்தனை வருஷமும், மணி அண்ணன் வாங்கி வைத்திருந்த கிட்டார். நிகழ்ச்சி முடிந்ததும் துடைத்து அவர் வண்டியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்புவதுதான் எனக்கு வழக்கம். அதில் எனக்குக் குறை இருந்ததாக அதுவரை தோன்றியதே இல்லை.

“இல்லீங்க,” என்றேன். “இது என்னோடதுங்க.”